கவ்வாத்துச் சீட்டுக்கு இரண்டே வரிச் சட்டம்

கவ்வாத்துச் சீட்டின் சட்டம் இரண்டே வரி. "இந்தச் சீட்டை இறக்கினால் கையில் உள்ள சீட்டுகளில் நான்கு வரை ஆட்டத்தை விட்டே நீக்கலாம். நீக்கிய சீட்டு திரும்பி வராது." அவ்வளவுதான். என் ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைகள் ஒரே வாசிப்பில் புரிந்துகொண்டார்கள். என் அண்ணனுக்கு இதைப் புரியவைக்க நான் பட்ட பாட்டை எழுதினால்தான் என் வயிற்றெரிச்சல் கொஞ்சமாவது அடங்கும்.

நான் பதுளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். பிள்ளைகளைப் பேசவைக்க உதவும் என்று வெளிநாட்டுச் சீட்டு விளையாட்டு ஒன்றை வரவழைத்தேன். பெட்டி முழுக்கத் திராட்சைத் தோட்டமும் தொப்பி போட்ட வெள்ளைக்காரர்களும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் திராட்சைக் கொடியைப் பற்றி என்ன தெரியும்? உட்கார்ந்து ஒவ்வொரு சீட்டின் மேலும் தமிழில் எழுதி ஒட்டினேன். திராட்சைக் குலை கொழுந்து ஆனது. கொடியை வெட்டும் கத்தரிக்கோல் படம் போட்ட சீட்டு வந்தபோது நான் யோசிக்கவே இல்லை. தேயிலைச் செடி வயதேறிக் கொழுந்து குறைந்ததும் அதை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவதைத் தோட்டத்தில் கவ்வாத்து என்போம். அதையே எழுதி ஒட்டினேன். என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டது அங்கேதான்.

ஆட்டம் சிக்கலானதல்ல. ஆளுக்குப் பத்துச் சீட்டோடு தொடங்குவோம்: ஏழு கொழுந்து, மூன்று புல். கொழுந்து ஒவ்வொன்றும் ஒரு கிலோ. புல்லுக்கு மதிப்பே இல்லை, கையில் வந்து இடத்தை அடைக்கும். நம் கட்டிலிருந்து ஒரு முறைக்கு ஐந்து சீட்டு எடுப்போம். அந்த ஐந்தில் இருக்கும் கிலோவைக் கூட்டி, நடுவில் பரப்பியிருப்பதில் அந்த விலைக்குள் அடங்கும் ஒன்றை வாங்கலாம். கூடை வாங்கினால் அது இரண்டு கிலோ தரும், மூட்டை மூன்று கிலோ தரும். வாங்கியதெல்லாம் நம் கட்டோடு சேரும். கட்டு தீர்ந்ததும் ஆடி முடித்த சீட்டுகளைக் குலுக்கி மறுபடி எடுக்கத் தொடங்குவோம். ஒரே கையில் எட்டுக் கிலோ சேர்ந்தால் ஒரு தேயிலைப் பெட்டி வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். பெட்டிகள் தீரும்போது யாரிடம் அதிகமோ அவர் வென்றார்.

கவ்வாத்துச் சீட்டுக்கு ஒரு கிலோகூடக் கிடையாது. புதிதாகப் பார்ப்பவர் இதை எதற்கு வாங்குவது என்று ஒதுக்கிவிடுவார். விவரம் தெரிந்தவர் ஆரம்பத்திலேயே ஒன்றை வாங்கிவிடுவார். அது கைக்கு வரும்போதெல்லாம் முதலில் புல்லை வெட்டித் தள்ள வேண்டும். பிறகு கொழுந்தையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிக்க வேண்டும். கட்டு மெலிந்துவிட்டால் எடுக்கிற ஐந்தும் கூடையும் மூட்டையுமாகவே வரும். ஒன்றில் மட்டும் கவனம். கூடையும் மூட்டையும் வாங்குவதற்கு முன்னால் கொழுந்தை வெட்டித் தீர்த்தால், பிறகு எதையும் வாங்க வழியில்லாமல் கடைசி வரை சும்மா குந்தியிருக்க வேண்டியதுதான். எந்த மடையனும் அதைச் செய்ய மாட்டான். இதெல்லாம் கைபேசியில் வீடியோ பார்த்துக் கொப்பியில் குறிப்பெடுத்து வைத்திருந்தேன். அத்தனை ஆயத்தத்தோடுதான் அண்ணன் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

அண்ணன் எனக்குப் பதினொரு வயது மூத்தவர். கொஸ்லந்தைக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் கவ்வாத்து வெட்டியவர். அண்ணி தவறிய பிறகு லயத்தின் கடைசி வீட்டில் தனியாக இருந்தார். ஒரே கூரையின் கீழ் வரிசையாக எட்டு வீடு. பின்சுவரிலிருந்து இரண்டு முழத் தூரத்தில் மலை ஏறத் தொடங்குகிறது. அந்த மலைதான் என் தலைவலி. இரண்டு வருடத்துக்கு முன்னால் அதிகாரிகள் வந்து அளந்து பார்த்து, மண் சரியக்கூடிய இடம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். முற்றத்துக் கம்பத்தில் மழை அளக்கும் குப்பி ஒன்றையும் கட்டினார்கள். தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டால் எல்லோரும் கீழே பள்ளிக்கூடத்துக்கு இறங்கிவிட வேண்டும். மற்றவர்கள் இறங்கிப் போய் மழை ஓயும்வரை இருப்பார்கள். அண்ணனும் இறங்குவார். ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, கோழி தனியாகக் கிடக்கிறது என்று திரும்ப ஏறிவிடுவார்.

எனக்குப் பதுளையில் இரண்டு அறை வீடு. நானும் தனியாள், முன்னறை சும்மாதான் கிடக்கிறது. வாங்க வாங்க என்று கூப்பிட்டே எனக்குத் தொண்டை வற்றிவிட்டது.

"அங்கன வந்து நான் என்ன செய்ய? ஒன் பூச்சட்டிய கவ்வாத்து பண்ணவா?" என்பார்.

மழை பெய்கிற ஒவ்வொரு நாளும் வகுப்பில் நின்றுகொண்டு நான் ஜன்னலைப் பார்ப்பேன். பதுளையில் தூறினால் அங்கே கொட்டும் என்று மனசு அடித்துக்கொள்ளும். ஃபோன் எடுத்தால் "இங்க வெயிலு சுள்ளுன்னு அடிக்குது" என்பார். பின்னாலேயே தகரத்தில் மழை கொட்டுகிற சத்தம் கேட்கும். பொய் சொல்கிறவர் கொஞ்சம் உள்ளே போய் நின்றாவது சொல்ல வேண்டாமா?

ஒரு ஞாயிறு அந்தச் சீட்டுப் பெட்டியையும் பையில் போட்டுக்கொண்டு போனேன். அந்த மலைக்குக் கீழே எனக்குச் சும்மா உட்கார முடியாது, கைக்கு ஏதாவது வேலை வேண்டும். அண்ணன் ஒரு மணி நேரத்தில் ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டார். பக்கத்து வீட்டு அக்கா, கொழுந்து எடுக்கிறவர், "டீச்சரும் சீட்டு வெளையாட ஆரம்பிச்சிட்டாங்களா!" என்று சிரித்துக்கொண்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். நான் பழைய பாட்டைத் தொடங்கினேன். அண்ணன் சீட்டைக் குலுக்கியபடியே சொன்னார்:

"ஞாயித்துக்கு ஒத்த ஆட்டம். என்னைக்காவது நேர்மையா ஜெயிச்சிரு. அன்னைக்கே கோழியக் கூடையில போட்டுக்கிட்டு ஒன் பின்னால வாரேன்."

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"நான் எப்ப மாறுனேன்?"

அது உண்மைதான். அவருடைய வாக்கும் பிடிவாதமும் ஒரே சாமான், அசைக்க முடியாது. அக்காவைச் சாட்சி வைத்துக்கொண்டேன். அடுத்த வாரமே முன்னறைக்கு ஒரு கட்டிலும் வாங்கிப் போட்டேன். கொப்பி நிறையக் குறிப்பு வைத்திருக்கிறேனே, ஜெயிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

முதல் ஆட்டமே சண்டையில் முடிந்தது. கவ்வாத்துச் சீட்டை இறக்கி, இரண்டு புல்லையும் ஒரு கொழுந்தையும் நீக்கிப் பக்கத்தில் ஒழுங்காக அடுக்கினார் அண்ணன். நான்கு சுற்றுப் போனதும், அடுக்கியதிலிருந்து அந்தக் கொழுந்தை எடுத்து மறுபடி கட்டில் செருகப் போனார்.

"என்னண்ணே செய்றீங்க?"

"நாலு சுத்து, நாலு மாசம் ஆச்சுல்ல. தளிர் வந்திருக்கும்."

"திரும்பி வராதுன்னு எழுதியிருக்கு, பாருங்க."

"எழுதுனவன் கவ்வாத்து மலையப் பாத்திருக்கானா? வெட்டுன செடி திரும்பி வராதுன்னா நாங்க எதுக்கு வெட்டுனோம்?"

"அண்ணே சொல்றது ஞாயந்தானுங்களே டீச்சர்," என்றார் அக்கா. "வெட்டுன மலையிலதான கொழுந்து சும்மா குபுகுபுன்னு வரும்."

இது தேயிலை இல்லை, சீட்டு என்றேன். மலை இல்லை, கடதாசி என்றேன். இரண்டு பேரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். கோபத்தில் கவ்வாத்து என்று ஒட்டியிருந்த துண்டை உரித்துவிட்டு 'குப்பை' என்று எழுதி ஒட்டினேன். குப்பை என்றால் தன் கட்டில் சேர்க்க மாட்டேன் என்று அண்ணன் நகத்தால் அதைச் சுரண்டிவிட்டார். கடைசியில், பெயர் கவ்வாத்துதான், ஆனால் வெட்டியது திரும்பாது என்று ஒத்துக்கொள்ள வைப்பதற்குள் நாலு மணி பஸ் போய்விட்டது. அந்த ஆட்டம் செல்லாது என்று அக்கா தீர்ப்புச் சொன்னார்.

அடுத்த வாரம் வேறு வழக்கு. நான்கு வரை நீக்கலாம் என்றால் நான்கையும் நீக்குவதுதான் கெட்டிக்காரத்தனம். அண்ணன் மூன்றோடு நிறுத்துவார். ஒரு கொழுந்தைக் கையிலேயே வைத்துக்கொள்வார்.

"அதையும் தள்ளுங்கண்ணே. பெரிய சீட்டு வார எடத்த அது அடைக்குது."

"ஒரு கொப்ப விடணும். மொத்தமா மொட்டையடிச்சா செடி மூச்சு முட்டிச் செத்துப்போகும். புதுசா கத்தி பிடிக்க வாரவனுக்கு மொத நாளே சொல்ற விசயம் இது."

கவ்வாத்து மலையில் அப்படித்தான் செய்வார்கள். எல்லாக் கிளையையும் வெட்டி, இலையோடு ஒன்றிரண்டு கொப்பை மட்டும் விடுவார்கள். புதுத் தளிர் வரும்வரை செடி அதை வைத்துத்தான் உயிர் பிடித்துக்கொண்டிருக்கும். எனக்கும் தெரியும், நானும் அந்த லயத்தில் பிறந்தவள்தானே. ஆனால் அதைச் சீட்டு விளையாட்டில் கொண்டுவந்து செருகினால் என்ன செய்வது? நான் கொப்பியைத் திறந்து விளக்கினேன். மெலிந்த கட்டுதான் வேகமான கட்டு என்று வாசித்துக் காட்டினேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு, மறுபடி ஒரு கொழுந்தை விட்டுவைத்தார்.

எரிச்சல் அதுவல்ல. அவர் ஜெயித்தார் என்பதுதான் எரிச்சல்.

என் கட்டு வீடியோவில் சொன்னபடியே மெலிந்து அழகாக இருந்தது. மூட்டை, மூட்டை, கவ்வாத்து வராத நேரமாகப் பார்த்து வந்து நிற்கும் இரண்டு புல், ஒரு கொழுந்து: ஏழு கிலோ. பெட்டிக்கு எட்டு வேண்டும். அந்தப் புல் எப்படித்தான் என் கத்திக்குத் தப்புமோ தெரியாது. அடுத்த கையில் மறுபடி ஏழு. நான் வெட்டித் தள்ளிய கொழுந்தில் இன்னொன்று இருந்தால் போதும், பெட்டி எனக்கு. அண்ணன் கையிலோ இரண்டு மூட்டை, ஒரு கொழுந்து, இன்னொரு கொழுந்து. விட்டுவைத்த கொப்புகள். "எட்டு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் பெட்டியை எடுப்பார். பார்க்காததுபோல் கோழியைக் கூப்பிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்படியே எட்டு ஞாயிறு. பதுளையிலிருந்து பண்டாரவளை, அங்கே பஸ் மாறிக் கொஸ்லந்தை, பிறகு தோட்டத்து ரோட்டில் அரை மணி நேர ஏற்றம். மூச்சு வாங்கப் போய் உட்கார்ந்து தோற்றுவிட்டு, திரும்ப அதே வழி. இரண்டு கவ்வாத்து வாங்கிப் பார்த்தேன். ஒன்றைக் கொண்டு மற்றதை வெட்டிப் பார்த்தேன். கவ்வாத்தே வாங்காமலும் ஆடினேன். அன்று புல் முழுக்க என் கையிலேயே குடியிருந்தது. பள்ளிக்கூடத்தில் ஓய்வு நேரத்தில் தனியாகச் சீட்டைப் பரப்பிப் பழகினேன். தலைக்கு ஏதும் ஆகிவிட்டதா என்பதுபோல் மற்ற டீச்சர்மார் பார்த்தார்கள். ஒரு சீட்டு விளையாட்டில் ஜெயித்தால்தான் என் அண்ணன் உயிரோடு இருப்பார் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வேன்?

ஆறாவது வாரம் பக்கத்து வீட்டு அக்கா தெமோதரையில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராக இறங்கி, எட்டு வீட்டில் இரண்டில்தான் அடுப்பு எரிந்தது. அக்காவின் அலுமாரியை முதுகில் வைத்துக் கீழே ரோடு வரைக்கும் கொண்டுபோய்க் கொடுத்தது அண்ணன்தான்.

"எல்லாரையும் எறக்கிவிட்டாச்சு. நீங்க எப்ப எறங்குறதா உத்தேசம்?" என்று கேட்டேன்.

"நீ எப்ப ஜெயிக்கிறதா உத்தேசம்?"

அன்று நான் அழுதேவிட்டேன். விளையாட்டை விடுங்கண்ணே, எனக்காக வாங்க என்றேன். அவர் கொஞ்ச நேரம் குசினிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். "சொன்னா சொன்னதுதான்" என்றார். பிறகு நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணி போட எழுந்தேன். "நீ குந்து, நான் போடுறேன்" என்று என்னை உட்காரவைத்துவிட்டு அவரே உள்ளே போனார். சில வாரமாகவே அப்படித்தான், என்னைக் குசினிக்குள் விடுவதில்லை. தோற்றுப்போனவளுக்கு உபசாரமாக்கும் என்று எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

ஒன்பதாவது ஞாயிறு. அதற்கு முன் மூன்று நாள் விடாத மழை. குப்பித் தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தாண்டி நின்றதாம். ஃபோனில் கேட்டால் வெயில் என்றார். அன்று காலையில்தான் கொஞ்சம் வெளுத்தது. முதல் பஸ்ஸில் கிளம்பினேன். போகிற வழியெல்லாம் அவரை என்னென்ன சொல்லித் திட்டுவது என்று வரிசைப்படுத்திக்கொண்டே போனேன். போய்ச் சேர்ந்தால், அண்ணன் முகம் கழுவி, வெளுத்த சட்டை போட்டு, சீட்டைக் குலுக்கி வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

"குந்து," என்றார். "ஆடுவோம்."

நான் திட்ட வந்ததை மறந்து உட்கார்ந்தேன். முதல் கையில் அவர் கவ்வாத்து வாங்கினார், நானும் வாங்கினேன். குலுக்கியதும் அவர் கைக்குக் கவ்வாத்து வந்தது. கூடவே நான்கு கொழுந்து. அதில் இரண்டை நீக்கினாலே அவசரம் என்று சொல்லியிருப்பேன். ஒரு கூடைகூட அவர் இன்னும் வாங்கவில்லை. அண்ணன் கவ்வாத்தை இறக்கிவிட்டு, கொழுந்து நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஓரமாக வைத்தார். கையில் ஒன்றும் இல்லை.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒரு கொப்பு?"

"சட்டத்துல நாலு வரைக்கும்னுதான போட்டிருக்கு?"

அடுத்த முறை கவ்வாத்து வந்தபோது மிச்சக் கொழுந்தையும் வெட்டினார். புல் மூன்றையும் தொடவில்லை. அதன்பிறகு சுற்றுக்குச் சுற்று புல்லை எடுப்பார், விரிப்பார், "ஒண்ணும் இல்ல" என்பார், வைப்பார். நான் ஒவ்வொரு பெட்டியாக வாங்கினேன். மலையில் நின்ற செடியை யாராவது இப்படி வெட்டியிருந்தால் அவரே அந்த ஆளைக் கத்தியைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.

நேர்மையாக என்பது பந்தயத்தில் இருந்த சொல். இது நேர்மையான ஆட்டம் இல்லை, அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். எட்டு வாரமாகச் சட்டம் பேசியே வாய் வலித்தவள் நான். நான்கு சுற்றுக்குப் பிறகு ஒரு கொழுந்தைத் திரும்ப எடுத்ததற்கு ஒரு பஸ்ஸைத் தவறவிட்டுச் சண்டை போட்டவள். அன்று வாயைத் திறக்கவில்லை. கடைசிப் பெட்டியை எடுத்து வைத்தேன்.

"என்ன டீச்சர், சட்டம் ஒண்ணும் பேசல?"

"பேசுறதுக்கு ஒண்ணுமில்ல. ஜெயிச்சிட்டேன். எந்திரிங்க."

எழுந்தார். கோழிகள் ஏற்கனவே கூடைக்குள் இருந்தன. அதைப் பார்த்ததும் எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. துணியைக் கட்டினோம், அண்ணியின் படத்தைச் சுவரிலிருந்து இறக்கினோம், நான் பாயைச் சுருட்டினேன். சாமான் எடுக்கக் குசினிக்குள் போனேன். அவர் தடுக்கப் பார்த்தார், அதற்குள் விறகுப் பெட்டியை இழுத்துவிட்டேன்.

பின்சுவரில் கீழிருந்து கூரை வரைக்கும் வெடிப்பு. சீமெந்துப் பையை மடித்து மடித்து அடைத்து வைத்திருந்தார். ஒன்றை உருவினேன். என் கை மணிக்கட்டு வரை உள்ளே போனது. அந்தப் பக்கம் ஈர மண்.

"எப்ப இருந்து இது?"

"போன மாசத்துல இருந்து. மொதல்ல வெரலுதான் போச்சு."

"இத வச்சுக்கிட்டா வாராவாரம் உக்காந்து சீட்டு வெளையாடுனீங்க? பயமா இல்லையா ஒங்களுக்கு?"

"இல்லாம? மழ பேஞ்சா தூக்கமே கெடையாது."

"அப்ப வந்திருக்கலாம்ல! நான் அழுதனே அன்னைக்கு!"

"சொல்லு சொல்லிட்டேன்ல. நீ ஜெயிச்சாத்தான வர முடியும்." கோழிக் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். "நானும் வாராவாரம் இந்த வாட்டி ஜெயிப்பா, இந்த வாட்டி ஜெயிப்பான்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நீதான் ஜெயிக்கவே மாட்டேங்கிறியே."

சுருட்டிய பாய் கையிலேயே இருந்தது. அதாலேயே அவர் முதுகில் ஒன்று போட்டேன். கூடைக்குள் கோழிகள் கத்தின. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவர்தான் முதலில் படியிறங்கினார்.